காதும் காதும் வைத்தாற்போல் ஒரு கண் ஆபரேஷன்

இனிமேல் கண்ணாடியோடு வாழ்வதில்லை என்று செல்போன் மெக்கானிக் சபதம் எடுத்தது சகலை வீட்டு பால்கனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சகலை கண்ணுக்கு லேசர் வைத்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடியில் திரும்பும் பஸ்களின் நம்பரையெல்லாம் ஏலம் விடுகிற மாதிரி உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நம் மெக்கானிக் கண்ணுக்குக் கண்ணாடி போட்டும் பஸ்தான் தெரிந்தது, நம்பர் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் பஸ்ஸும் தெரியாது, தெருவும் தெரியாது. ஏழு வயதில் ஏறிய கண்ணாடி. கடைத்தெருவில் அவருக்குச் சோடாபுட்டி என்றுதான் பெயர்.

"என்ன சகலை, இந்தக் காலத்துல போய் இன்னும் மூக்கு மேல மூட்டை தூக்கிட்டு இருக்கீங்க?" என்றார் சகலை. கத்தி கிடையாதாம், தையல் கிடையாதாம். கண் அசைந்தால் மிஷினும் கூடவே அசையுமாம். நாம் பயந்து முடிப்பதற்குள் அது வேலையை முடித்துவிடுமாம்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே விஷயத்தை மனைவியிடம் போட்டு உடைத்தார். அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவள். பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளின் லீவ் லெட்டரை வாங்கி வாங்கி, எது காய்ச்சல், எது கிரிக்கெட் என்று கவரைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள். அவள் நடையை நிறுத்தவில்லை.

"கடுகு சைஸ் பார்ட்டைக் கண்ணாடியைக் கழட்டிட்டு மூக்குக்கிட்ட வச்சு ஈயத்தால பத்த வைக்கிறீங்க. இந்த ஊர்ல வேற யாருக்கும் அது வராது. உங்க கிட்டப்பார்வைதாங்க நமக்குச் சோறு போடுது. அதையும் சேர்த்துத் துடைச்சு விட்டுட்டா?"

அதோடு விட்டாளா? அவளுடைய அக்கா புருஷன், பஸ் நம்பரை அத்தனை கம்பீரமாகப் படித்தவர், செல்போனில் வந்த மெசேஜைப் படிக்கக் கையை எவ்வளவு தூரம் நீட்டினார் என்பதையும் பார்த்து வைத்திருந்தாள். நாற்பதைத் தாண்டினால் தூரத்துப் பார்வை வரும்போது கிட்டத்துப் பார்வை கிளம்பிவிடும், எதற்கும் நல்ல டாக்டரிடம் தொழிலைச் சொல்லிக் கேட்கலாம் என்றாள்.

மெக்கானிக் காதில் கடைசிப் பாதி விழவே இல்லை. கண்ணாடி போனால் புருஷன் பத்து வயது குறைந்து தெரிவான் என்ற பொறாமைதான் இது என்று தீர்மானித்துவிட்டார். "சரி, வேண்டாம்னா விட்டுடலாம்" என்றார். அவர் அவ்வளவு சுலபமாக எதையும் விட்டவர் இல்லை. அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதுதான் அவர் செய்த முதல் தப்பு.

மறுநாளே திட்டம் தயார். காதும் காதும் வைத்தாற்போல் கண்ணை முடித்துவிடுவது. புது மாடல் போனுக்குக் கம்பெனிக்காரன் மூன்று நாள் வெளியூரில் டிரெய்னிங் வைக்கிறான் என்று வீட்டில் சொல்வது. தங்க இடம், பக்கத்துக் கடையில் செல்போன் கவர் விற்பவரின் மாடி அறை. ஆஸ்பத்திரிக்குத் துணையும் அவரேதான்.

ஆஸ்பத்திரி ஃபாரத்தில் தொழில் என்ற இடத்தில் "வியாபாரம்" என்று மட்டும் எழுதினார். மெக்கானிக் என்று எழுதினால் இவர்களும் மனைவி மாதிரியே பேசுவார்களோ என்ற பயம். போன் நம்பரிலும் உஷாராக இருந்தார். சொந்த நம்பரைக் கொடுத்தால் வீட்டில் யார் எடுப்பார்களோ. சும்மா கிடக்கும் இரண்டாவது சிம் நம்பரை எழுதினார்.

ஆயிரம் பேருக்குச் சிம் மாட்டிக் கொடுத்தவர், அந்தச் சிம்மை இரண்டு மாதத்துக்கு முன்னால் தன் கையாலேயே மனைவி போனில் மாட்டியிருந்ததை மறந்துபோனார்.

கருவிழியை அளந்து, கனம் போதும் என்று சொல்லிப் புதன்கிழமைக்கு நாள் கொடுத்தார்கள். வீட்டில் எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. செவ்வாய்க்கிழமை மனைவியே, வெளியூர்த் தண்ணீர் எப்படியோ, இன்றைக்கே தலைக்குக் குளித்துவிடுங்கள் என்றாள். பெட்டியில் அவர் வைத்த டீ-ஷர்ட்டுகளை எடுத்துவிட்டு, தலை வழியாக மாட்டுவது எதற்கு என்று பட்டன் வைத்த சட்டைகளாக அடுக்கினாள். வெயிலுக்கு ஆகும் என்று ஒரு கறுப்புக் கண்ணாடியும் வைத்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதாக ஆஸ்பத்திரியில் சொன்ன அத்தனையும் தானாக நடந்ததில் மெக்கானிக் பூரித்துப்போனார். "நேரம் நல்லா இருந்தா பொண்டாட்டியும் நம்ம பக்கம் வந்துடுவா" என்று கவர்க்கடைக்காரரிடம் சொன்னார். கல்யாணம் ஆகாத கவர்க்கடைக்காரர் அதை நம்பினார்.

புதன்கிழமை காலையில் டாக்டரம்மா ஃபைலைப் பிரித்ததுமே, ரொம்பக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற பொடி வேலை செய்பவரா என்று கேட்டார். மெக்கானிக் ஆடிப்போய்த் தலையாட்டினார். அப்படியானால் இரண்டு கண்ணுக்கும் ஒரே கணக்கு வேண்டாம், வலது கண்ணைத் தூரத்துக்கு வைத்துக்கொள்வோம், இடது கண்ணில் கிட்டப்பார்வையைக் கொஞ்சம் மிச்சம் விடுவோம், மூளை பழகிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. சோதனைக்கு அதே கணக்கில் லென்ஸ் வைத்து ஒரு மணி நேரம் நடக்கவிட்டார்கள். முதலில் தலை சுற்றியது. பிறகு வராந்தாக் கோடியில் இருந்த கடிகாரமும் தெரிந்தது, மருந்து டப்பாவின் பொடி எழுத்தும் தெரிந்தது. கண்ணைப் பார்த்தே தொழிலைச் சொல்கிற டாக்டர் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மிஷினுக்குக் கீழே படுத்ததும் அதிர்ஷ்டமெல்லாம் வற்றிவிட்டது. மேலே ஒரு பச்சைப் புள்ளி. அதையே பாருங்கள் என்றார்கள். கை தன்னால் பக்கத்தில் துழாவியது. பிரசவ அறையானாலும் பல் டாக்டர் நாற்காலியானாலும் பிடித்துக்கொள்ள மனைவியின் கை இருக்கும். இன்றைக்கு டிரெய்னிங்கில் அல்லவா இருக்கிறோம் என்று நினைத்து, கையைத் திரும்ப மடக்கிக்கொண்டார். அதற்குள் இரண்டு கண்ணும் முடிந்துவிட்டது.

மாடி அறையில் இரண்டு நாள். கவர்க்கடைக்காரர் ஊற்றிய சொட்டு மருந்தில் மூக்குக்குக் கொஞ்சம், கன்னத்துக்குக் கொஞ்சம், கண்ணுக்கு மிச்சம். வெள்ளிக்கிழமை மறுசோதனையில் எல்லாம் சரி என்றார்கள். மெக்கானிக் கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, முகத்தை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டு மணியை அடித்தார். அவள் அசந்து நிற்க வேண்டும், இவர் அலட்சியமாகச் சிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

மனைவி கதவைத் திறந்தாள். அவள் கண்ணில் ஒரு கேள்விகூட இல்லை.

"நாலு மணி சொட்டுக்கு நேரமாச்சு. போய்ப் படுங்க, கையைக் கழுவிட்டு வரேன்."

"என்ன சொட்டு?" என்று கேட்டுப் பார்த்தார். குரலே அவர் பக்கம் இல்லை.

படுக்க வைத்து, இமையை விரலால் இழுத்து, மூக்கில் ஒரு துளிகூடப் படாமல் ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள். ஆஸ்பத்திரி மெசேஜ் எல்லாம் அவள் போனுக்குத்தான் வந்ததாம். திங்கட்கிழமை நர்ஸ் கூப்பிட்டு, ஃபாரத்தில் வியாபாரம் என்று போட்டிருக்கிறதே, என்ன வியாபாரம் என்று கேட்டாளாம். கடுகு சைஸ் பார்ட்டிலிருந்து எல்லாவற்றையும் இவள் சொல்லிவிட்டாளாம். புதன்கிழமை லீவ் போட்டுவிட்டு, இவர் உள்ளே போனதிலிருந்து ஆபரேஷன் அறை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாளாம். ஆபரேஷன் முடிந்து கவர்க்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தவர், அவள் காலை மிதித்துவிட்டு "சாரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மெக்கானிக்கின் முகத்தில் மருந்தோடு அசடும் சேர்ந்து வழிந்தது. கண்ணைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. கையை நீட்டித் துழாவினார். அவள் கை இருந்த இடத்திலேயே இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் என்னைத் தடுக்கல?" என்றார்.

அவள் மருந்துப் புட்டியை மூடினாள்.

"தடுத்திருந்தா எனக்குத் தெரியாம போய்ப் பண்ணியிருப்பீங்களே."