நான் காலமானதாக வந்த எஸ்.எம்.எஸ். பற்றி

கல்கத்தா-29
12.11.2006

சிரஞ்சீவி ஜெயராமனுக்கு அண்ணா சுந்தரேசன் அநேக ஆசீர்வாதம். இங்கு நான் க்ஷேமம். வழக்கமாக இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதுவோம். இந்தத் தடவை தகவலாகவே எழுதுகிறேன். நான் சாகவில்லை.

வியாழக்கிழமை உன் செல்லுக்கு வந்த செய்திக்குக் காரணம் என் பிள்ளை ராஜ்மோகன். இங்குள்ள தமிழர் சங்கத்துக்கு இன்டர்நெட்டில் பக்கம் அமைத்துக் கொடுத்தவன் அவன்தான். ரயில்வேயிலிருந்து ரிட்டையர் ஆன பாவத்துக்கு நான் அதில் உறுப்பினர் விவரங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அதில் கால்பேக் என்று ஒன்று வைத்திருக்கிறான். சர்வரிடம் ஒரு வேலையைக் கொடுக்கும்போதே, அது முடிந்ததும் எதை ஓட்ட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். சர்வர் அங்கேயே காத்துக்கொண்டு நிற்காதாம். அடுத்த ஆளின் வேலையைப் பார்க்கப் போய்விடுமாம். முதல் வேலை முடிந்த கையோடு மற்றது தானாக ஓடுமாம். ஓர் உறுப்பினரின் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று பதிவானால், அவர் படிவத்தில் குறித்த உறவினருக்கு எஸ்.எம்.எஸ்., சங்கத்தில் இருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இரங்கல் மெயில். இதைச் சோதித்துப் பார்க்க அவனுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லை, பெற்ற அப்பன் பெயரைப் போட்டுவிட்டான்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். நான் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ போன் செய்து "மன்னி, அண்ணா எப்படிப் போனார்?" என்று அழ, சாவித்திரி என்னைத் திரும்பிப் பார்த்து "போகலையே, ரெண்டாந்தரம் போட்டுண்டிருக்கார்" என்று சொல்ல, அரை மணியில் சங்கத்து ஆள் யாரோ சொல்லக் கேட்டு, கீழ்வீட்டு தாரா ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலையோடு வந்து, கதவைத் திறந்த என்னைப் பார்த்து "ஓ மா, மேஷோமஷாய்!" என்று வங்காளியில் மாமா முறை சொல்லி அலறி, வாங்கிய மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என் கையிலேயே கொடுத்துவிட்டு ஓட, மனசு சரியில்லை என்று லேக் மார்க்கெட்டுக்குக் காபிப்பொடி வாங்கப் போனால், கடைக்காரர் துரைசாமி தலை நிமிராமல், துக்க வீட்டிலிருந்து யாரோ வந்திருப்பதாக நினைத்து, "நீங்க ஏன் சார் அலையறீங்க? பத்து நாளைக்கு வேண்டியதை நானே வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து பார்த்த பிறகுதான் டப்பாவைக் கீழே போட்டார். ராஜ்மோகனைத் திருத்தச் சொன்னேன். "திரும்பி வரதுக்கு ஃபங்ஷன் எழுதலைப்பா. யாராவது வருவான்னு தோணலை" என்கிறான். நேற்று சங்கக் கூட்டத்தில் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக ஒரு நிமிஷம் மௌனம் அனுஷ்டித்தார்கள். மரியாதைக்கு நானும் எழுந்து நின்றேன்.

படிவத்தில் உன் நம்பர் எப்படி வந்தது என்று மன்னியிடம் கேட்டாயாம். உன் பெண் கீதாஞ்சலியிடம் வாங்கினேன். ஒன்பது வருஷமாக நீ என்னோடு பேசவில்லை. உன் பக்கம்தான் நியாயம். அம்மா போனபோது உன் வண்டி ஒன்பது மணி நேரம் தாமதம். மே மாத வெயில், ஐஸ் கரைகிறது, ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள், நான் காத்திருக்கவில்லை. நீ நேரே கியோராதலா சுடுகாட்டுக்கு ஓடி வந்தபோது உன் கையில் கொடுக்க ஒரு மண்சட்டிதான் மிச்சம் இருந்தது. ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை, ஜெயராமா. ஆனாலும் படிவத்தில் உறவினர் என்ற கட்டத்தில் எழுத உன்னைத் தவிர வேறு பெயர் எனக்கு இல்லை.

ஆகவே நீ பதறிக்கொண்டு கிளம்ப வேண்டாம். டிக்கெட் எடுத்திருந்தால் கான்சல் செய்துவிடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. சௌபாக்கியவதி நீலாவதிக்கும் குழந்தை கீதாஞ்சலிக்கும் என் ஆசிகள். எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள். என்னைப்போல் நடுவில் போய்விட்டு வரவேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற அண்ணா,
சுந்தரேசன்

பின்குறிப்பு: ராஜ்மோகனைத் திட்டாதே. அவன் என் பெயரைப் போடவே இல்லை. என் பெயருக்கு எதிரே 'காலமானார்' பட்டனை அமுக்கியது நான்தான். அவனுக்கு இன்னும் தெரியாது. அமுக்கிவிட்டு, உப்புமாத் தட்டோடு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலாவது நிமிஷம் நீ கூப்பிட்டாய்; சாவித்திரியை எடுக்கச் சொன்னேன். எனக்கு வயிற்றில் கட்டி. இருபதாம் தேதி ஆபரேஷன். டாக்டர் பாதிதான் பேசுகிறார். டிக்கெட்டைக் கான்சல் செய்யாதே. உன் வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும் சரி, நீ வந்து சேரும்வரை என்னை எடுக்கக் கூடாது என்று ராஜ்மோகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.