குடை மைக்குக்குத்தான்

நல்ல நிலையில் இருந்த ஒரு ரிக்கார்டரைக் கருவாடு போட்டவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. மரக்காணத்தில் என்னைப் பற்றி யாரை விசாரித்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அதனால் நானே முந்திக்கொள்கிறேன். ஆனால் என்னை அந்தக் கதிக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர் ஒருவர் உண்டு. தான் ரிக்கார்டு செய்யும்போது இடைஞ்சல் பண்ணுவதற்கென்றே ஆகாயத்தை மேலே மாட்டிவைத்திருக்கிறார்கள் என்று நம்பிய மனிதர். அந்தக் கடற்கரையில் மேகங்களுக்கு விலாசம் தெரிந்த ஒரே ஆள். அவர் பெயர் உஷ்.

சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் உஷ். கச்சேரி நடக்கிற இடத்தில் இருமுகிறவனைப் பார்த்து உஷ் என்பார். அழுகிற குழந்தையை உஷ் என்பார். ஜெனரேட்டரை உஷ் என்பார். ஒருமுறை கடற்கரையில் மேடை போட்டிருந்தபோது அலைச்சத்தம் பொறுக்காமல் எழுந்து நின்று, கடலைப் பார்த்து விரலை உதட்டில் வைத்து "உஷ்!" என்றார். கடல் அடுத்த அலையில் வந்து அவருடைய இடதுகால் செருப்பை எடுத்துக்கொண்டு போனது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மாற்றலாகி அந்த ஊருக்குப் போன நான், கடைக்கு மேலே இருந்த வீட்டில் வாடகைக்குக் குடியேறினேன். மிக்ஸி அவருடைய வயிற்றுக்கு. திறந்தவெளிக் கச்சேரிகளை ரிக்கார்டு செய்வது மற்ற எல்லாவற்றுக்கும். யாரும் அவரைக் கேட்கவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை. கோயில் நாகஸ்வரமோ, மாதா கோயில் பாட்டோ, கூனிமேட்டில் பாய்மார் வைக்கிற இசை நிகழ்ச்சியோ, மேடையில் விளக்கு எரிந்தால் முன்வரிசையில் உஷ் இருப்பார். உஷ் இருந்தால் மழை இருக்கும்.

கொஞ்சம் படித்தவன், சங்கீதம் தெரிந்தவன் என்று நான் மாடிப்படியில் ஒருநாள் வாயை விட்டதுதான் வினை. அடுத்த வாரமே பிரம்மதேசம் கோயில் திருவிழாவுக்கு என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். மடியில் ஒரு பெரிய குடையைக் கொடுத்தார். என்மேல் இருக்கும் மரியாதைக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

தூறல் ஆரம்பித்தது. உஷ் குடையை விரித்தார். அதன்மேல் பழைய தேங்காய் நார் மெத்தையை வெட்டித் தைத்திருந்தார். துளி நேராகத் துணியில் விழுந்தால் பட் பட் என்று மைக்கில் கேட்குமாம். நாரில் விழுந்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நனைந்த நார் மெத்தை என்ன கனம் கனக்கும் என்பதைப் பிடித்துப் பார்த்தவனைக் கேட்க வேண்டும். ஒரு கன்றுக்குட்டியைக் குச்சியில் குத்தித் தூக்கிக்கொண்டு நிற்பது போல நான் நின்றேன். குடைக்குக் கீழே மைக் இருந்தது. மைக்குக்குத் தலையில் பிளாஸ்டிக் குளியல் தொப்பி. எனக்கு ஒன்றுமில்லை.

"சார், குடைய நேரா புடிங்க. மைக்கு நனையுது."

"நான் நனையறேனே!"

"நீங்க காஞ்சிடுவீங்க சார். மைக்கு காயாது. உஷ்!"

இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது? பாதி ஊர் கோயில் மண்டபத்துக்குள் ஓடிவிட்டது. நாகஸ்வரக்காரர் கூடப் பந்தலுக்குள் நகர்ந்துகொண்டார். உஷ்ஷைத் தவிர மழையில் நின்றது நானும் ஒரு மாடும். மாடு கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. உஷ் முகத்தில் மட்டும் பரமானந்தம். "மழை வந்தாதான் சார் கச்சேரி சுத்தமா இருக்கும். இருமறவன் போயிடுவான், சுண்டல் விக்கிறவன் போயிடுவான். மிச்சம் இருக்கறது பாட்டும் மழையும்தான்."

அந்த ரிக்கார்டிங்கை வீட்டில் போட்டுக் கேட்டேன். மழை பிரமாதமாகப் பதிவாகியிருந்தது. தூரத்தில் யாரோ ஒருவர் நாகஸ்வரம் போல எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, கணீரென்று, நிமிஷத்துக்கு ஒருதரம் உஷ். இதை நான் எடுத்துச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அது காத்து சார்" என்றார்.

மழைப் புகழ் பரவியது. ஒரு கோடையில் கிணறுகள் வற்றிப்போய், பிரம்மதேசத்திலிருந்து நாலு விவசாயிகள் மாலையோடு கடைக்கு வந்தார்கள்.

"எங்க ஊர்ல ஒரு கச்சேரி வெக்கிறோங்க. நீங்க வந்து மிசின வெச்சிட்டுக் குந்திக்கினு இருந்தா போதும்."

"இன்னா கச்சேரி?"

"அது எதுவா இருந்தா இன்னாங்க?"

உஷ்ஷுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மிக்ஸி ஜாரைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் போனார். கச்சேரி ஆயிற்றே.

உப்பளக்காரர்கள் நிலைமை வேறு. கோடை அவர்களுக்கு அறுவடை. பாத்திகளில் விளைந்த உப்பை வாரிக் கரையில் குவித்துவைத்திருக்கும்போது ஒரு மழை பெய்தால், பாடுபட்டதெல்லாம் மறுபடி கடலுக்கே போய்விடும். ஆகவே ஓர் உப்பள முதலாளி, நல்ல வெள்ளை வேட்டிக்காரர், உஷ் கடை வாசலில் வந்து கையெடுத்துக் கும்பிட்டதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"ஏம்பா, இந்த சீசன் முடியற வரைக்கும் வெளிய எங்கயும் போவாத. மிக்ஸியே ரிப்பேர் பண்ணு. வேலை இல்லேன்னா சொல்லு, எங்க வூட்டு மிக்ஸிய ஒடச்சி அனுப்பறேன்."

ஆரோவில்லுக்கும் ஒருமுறை போனோம். மரத்தடியில் வெள்ளைக்காரர் ஒருவர் புல்லாங்குழல் வாசித்தார். கூட்டம் மூச்சுக்கூட விடவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். உஷ் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். உஷ் சொல்ல ஓர் ஆள் அகப்படவில்லை. பாதியில் எழுந்துவிட்டார். "இன்னா சார் ஜனங்க இதுங்க, ஒருத்தனுக்குக் கூடவா சளி புடிக்கல?" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது மழை. குடை என் மடியில் மைக்குக்கு மேலே இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஒரு பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று வந்தது. பாடியவள் பிலோமினாள். பிலோ என்றுதான் கூப்பிடுவார்கள். உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. மாதா கோயில் திருவிழாவில் வருஷாவருஷம் அவள்தான் பாடுவாள். கடைசிப் பாட்டில், கடைசி வரியில், குரல் ஒரே இழுப்பில் மேலே ஏறும். ஊரே அதற்கு "அந்த எடம்" என்று பெயர் வைத்திருந்தது. அந்த எடம் வரும்போது காற்றாடி பார்ப்பது போல எல்லாரும் தலையைத் தூக்குவார்கள். பங்குச் சாமியார் கூடத் தூக்குவார்.

அந்த வருஷம் பிலோவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. திருவிழா முடிந்த மறுநாள் புதுச்சேரியில் ஆபரேஷன். "உயிருக்கு ஒண்ணும் இல்ல. குரல் மாறினாலும் மாறும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் குரல் எங்கேயும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை. ஊரில் எல்லாரிடமும் செல்போன் இருந்தது. அவரவர் செல்லில் அவரவர் பிள்ளைகள் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார்கள், பின்னால் எங்கேயோ பிலோ.

உஷ் அவளைக் கடைக்கு வரவழைத்து, ஷட்டரை இறக்கி, மிக்ஸிகளுக்கு நடுவே உட்காரவைத்துப் பாடச் சொன்னார். மீன் விலை கேட்பது போல ஒரு குரல் வந்தது.

"எதுத்தாப்புல செவுரு இருந்தா வரமாட்டேங்குதுண்ணா. பாட்டு போயி முட்டிக்கினு நிக்குது. திருவிழாவுல எடுத்துக்க."

"மழை வரும் பிலோ."

"நீ வராத இருந்தா மழை வராது. நீ வராத இருந்தா ரிக்கார்டும் வராது. இன்னா பண்றது, வா."

திருவிழா அன்று சாயங்காலம். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. உப்பள முதலாளி மேடையைப் பார்க்கவில்லை; உஷ்ஷையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிலோ கடைசிப் பாட்டைத் தொடங்கினாள். நான் கன்றுக்குட்டிக் குடையைத் தூக்கிப் பிடித்தேன். இரண்டாவது அடியில் என் மூக்கில் ஒரு துளி விழுந்தது.

அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். உப்புக் குவிந்து கிடக்கும்போது மழை விழுந்தால், கல்யாணமானாலும் சாவானாலும் போட்டது போட்டபடி எல்லாரும் உப்பளத்துக்கு ஓடவேண்டும். தாலி கட்டக் கையைத் தூக்கிய மாப்பிள்ளை அப்படியே ஓடியதாகச் சொல்வார்கள். ஒரு நிமிஷத்தில் திடல் காலி. சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். மைக் முன்னால் பிலோவையும் காணோம். அவளும் உப்பு வாருகிறவள்தானே.

உஷ் மைக்கையும் ரிக்கார்டரையும் பிடுங்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். அவர் பின்னால் குடையோடு நான். வரப்பில் வழுக்கி, இரண்டுதரம் பாத்தியில் இறங்கி, ஏறி ஓடினேன். என் வயதும் படிப்பும் என்ன, நான் செய்கிற காரியம் என்ன?

உப்புக் குவியலின் மேலே தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பிலோ ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். உஷ் மைக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாடு பிலோ!"

"யோவ் அண்ணா, உனுக்குப் பைத்தியமா? உப்பு போவுது!"

"நீ தார்ப்பாய புடி, நான் வேணாங்கல. வாயி சும்மாதானே இருக்குது!"

"டேய், அவன மொதல்ல புடிச்சிப் பாத்தியில தள்ளுங்கடா!" என்று முதலாளி கத்தினார்.

"உஷ்!" என்றார் உஷ், முதலாளியைப் பார்த்து. அந்தக் கடற்கரையில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது.

பிலோ சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே பாடினாள். எதிரே சுவர் இல்லை. கடல் வரைக்கும் வெறும் பாத்திகள். மேடையில் கேட்ட குரல் இல்லை அது. கயிறு இழுக்கும்போது இறுகி, விடும்போது நீண்டு, காற்றோடு சண்டை போட்டுக்கொண்டு போயிற்று. அந்த எடம் வந்தது. தார்ப்பாயின் நாலு முனையிலும் இருந்தவர்கள் மழையில் தலையைத் தூக்கினார்கள். முதலாளியும் தூக்கினார்.

பாட்டு முடிந்தபோது எல்லாமே தொப்பல். ரிக்கார்டரைச் சாய்த்தால் தண்ணீர் கொட்டியது. "சார், இத எப்படியாவது காய வைங்க" என்று என்னிடம் திணித்துவிட்டு, அம்போவென்று விட்டுவந்த மைக் ஸ்டாண்டையும் ஒயரையும் பார்க்க உஷ் திடலுக்கு ஓடினார்.

நனைந்த செல்போனை அரிசிக்குள் புதைக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். உப்பளத்தில் அரிசிக்கு எங்கே போவது? படித்த மூளை வேலை செய்தது. மழைக்காலத்தில் வீட்டு உப்புச் சாடி ஈரமாகிறதே, அப்படியானால் உப்பு தண்ணீரைக் குடிக்கிறது. அரிசியைவிட அதிகமாகவே குடிக்கிறது. கொட்டகையில் இருந்த உப்புச் சாக்குக்குள் ரிக்கார்டரை ஆழமாகப் புதைத்து, மேலே உப்பை வாரிப்போட்டு, தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

காலையில் எடுத்தோம். மூலைகளில் பச்சை பூத்திருந்தது. உஷ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றி நின்ற உப்பளத்து ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சார், இத வறுக்கறதா, கொழம்பு வெக்கறதா?" என்றார் உஷ்.

நல்லவேளையாக உள்ளே இருந்த மெமரி கார்டு பிழைத்தது. அதைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிலோ வரும்வரை கேட்கக்கூடாது என்று எனக்கும் உத்தரவு. ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறி, பேச்சு வந்து, மெதுவாகப் பாட்டும் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. அந்த எடத்துக்கு ஏறும்போது வெறும் காற்றுதான் வருகிறது என்றாள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருநாள் கடைக்கு வந்தாள்.

உஷ் கார்டை வேறொரு மிஷினில் போட்டார். மழை. தார்ப்பாய் அடிக்கிற சத்தம். முதலாளியின் வசவு. உஷ். பிறகு பிலோ. மூன்று பேரும் அசையவில்லை. மழைக்கு மேலே அந்தக் குரல் தெளிவாக, பிசிறில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஏறியது. இன்னும் ஏறியது. அந்த எடத்தின் வாசலுக்கு வந்தது.

"ஆஹா!" என்றது ஓர் ஆண் குரல்.

"உஷ்ஷ்ஷ்ஷ்ஷ்!" என்றது இன்னொன்று.

அந்த உஷ் முடிந்தபோது பாட்டு கீழே இறங்கிவந்து நின்றுகொண்டிருந்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "ஏன் ஐயா, இதற்காகவா நான் வருஷக்கணக்காக மாட்டோடு மாடாக நனைந்தேன்? அந்த ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதா உம்மால்? அது போகட்டும், பாட்டு உச்சிக்குப் போகிற நேரத்தில் ஆஹா ஓஹோ என்று கத்தினவன் எவன்? அவனைச் சொல்லும்!"

உஷ் என்னைப் பார்த்தார். பிலோவும் என்னைப் பார்த்தாள். மிஷினைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். சந்தேகமில்லை. படித்தவன் குரல்.

உஷ் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து, ஒரு மிக்ஸியின் திருகாணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அத்தனை மழையில் அத்தனை வருஷம் கூடவே நின்றிருக்கிறேன். மழையில்லாமல் அந்த முகம் ஈரமாகி நான் பார்த்தது அன்றைக்குத்தான். குடை கடை மூலையில்தான் சாய்ந்திருந்தது. அதை எடுத்து அவருக்குப் பிடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

பிலோ துண்டைத் தளர்த்திக்கொண்டாள்.

"அய்ய, இதுக்குப் போயி இன்னாண்ணா! அந்த எடத்துல எனுக்கு எப்பவுமே சுருதி எறங்கிடும். ஊர்ல எல்லாரும் மேல பாத்துக்கினு இருந்ததுல எவனும் கண்டுக்கல. நல்ல நேரத்துல உஷ்ஷுன்னு தார்ப்பாயப் போட்டு மூடுன. இன்னொரு வாட்டி வையி."