பதில் வரும்வரை ஐஸ் கேட்டவன்

என் பொறாமையை நான் ஒழுங்காக வைத்திருப்பவன். சட்டைகளை நிறவாரியாக மடித்து அடுக்குவது போல யார்மீது, எதற்காக, எந்தளவு என்று அதையும் பிரித்து வைத்திருக்கிறேன். மேல்தட்டு முழுவதும் ஒரே ஆளுக்குரியது. அவன் என் சகலன் இர்பான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். சாய்ந்தமருதில் என் மாமாவின் வளவுக்குள் மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளைய மகளுக்கு ஒரு வீடு. மூத்தவள் ஸரீனாவை முடித்து நான் வந்தேன். பல வருடங்கள் அந்த வளவில் நான் மட்டுமே மருமகன். மாமி சமைக்கும் ஆணத்தில் கிடக்கும் மீன் தலை கேள்வி இல்லாமல் என் பீங்கானுக்கு வரும். பிறகு இளையவளை முடித்து இர்பான் வந்தான். ஒரு மீனுக்கு ஒரு தலைதான் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இர்பான் மென்பொருள் பொறியியலாளன். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலிஷில் கதைப்பான். (மேலே டை, கீழே சாரம். ஜன்னலால் பார்த்திருக்கிறேன். தற்செயலாகத்தான்.)

நானோ கடற்கரையில் மீன் இறக்கி விற்கும் மாமாவின் வாடியில் கம்பியூட்டர் பார்ப்பவன். எந்த போட் எப்போது கடலுக்குப் போனது, யார் போனார்கள், என்ன மீன் வந்தது என்பதெல்லாம் நானே எழுதிய சின்ன மென்பொருள் ஒன்றில் பதிவாகும். போட்கள் மாமாவுடையவை. அந்தக் கம்பியூட்டர் என்னுடைய இராச்சியம்.

ஒருநாள் பகல் சாப்பாட்டில் அந்த இராச்சியத்துக்கு ஆபத்து வந்தது.

"ஐஸ் கொம்பனிக்கு எங்கட இர்பான் ஒரு சேர்விஸ் செஞ்சி குடுத்திரிக்கானாம்," என்றார் மாமா. "இனி போன் எடுக்கத் தேவல்லயாம். எங்கட கம்பியூட்டர் அவங்கட கம்பியூட்டரோட கதைச்சி ஐஸ் எடுக்குமாம். மறுகா டீசலுக்கும் அப்பிடித்தானாம். வாடிக் கம்பியூட்டரையும் அவன்டயே குடுத்தா என்ன?"

மாமி அந்த நேரம் பார்த்து இர்பானின் பீங்கானில் மீன் தலையை வைத்தார்.

"தேவல்ல மாமா, நானே செய்யிறன்," என்றேன்.

"உங்களுக்கு அது தெரியுமா மகன்?"

"ஓம்."

தெரியாது. அந்த வாரமே கல்முனையில் ஒரு வார இறுதி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் இருந்த பொடியன்கள் எல்லாரும் எழும்பி நின்று ஸலாம் சொன்னார்கள். நான் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் விளங்கியது.

பாடத்தின் பெயர் சேவைசார் கட்டமைப்பு. எல்லா வேலையையும் ஒரே பெரிய மென்பொருளுக்குள் திணிக்காமல், ஒவ்வொரு வேலையையும் ஒரு தனிச் சேவையாகப் பிரித்து வைப்பது. ஒரு சேவையின் உள்ளே என்ன நடக்கிறது என்று மற்றச் சேவைக்குத் தெரியத் தேவையில்லை. எப்படிக் கேட்க வேண்டும், எப்படிப் பதில் வரும் என்ற ஒப்பந்தம் மட்டும் தெரிந்தால் போதும். கேட்டபோது எனக்கு எங்கள் வளவுதான் நினைவுக்கு வந்தது. தனித்தனி வீடு, உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. (ஜன்னல் விஷயத்தை மேலேயே சொல்லிவிட்டேன்.)

ஐஸ் ஆலைச் சேவையின் ஒப்பந்த ஆவணத்தை எழுதியவன் இர்பான். நான் அதை வரிவரியாகப் படித்தேன். எழுத்துப் பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு அவனுக்கு அனுப்பினேன். "மிச்சம் நன்றி காக்கா, நீங்க பார்த்ததால நல்லமாப் போச்சி" என்று அண்ணன் முறை வைத்துப் பதில் போட்டான். அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு என் பக்க மென்பொருளை எழுதினேன். கேட்ட கேள்விக்குப் பதில் வராமலிருப்பது எனக்குப் பிடிக்காது. வீட்டிலும் அப்படித்தான். "ஸரீனா, என்ட மூக்குக் கண்ணாடி எங்க?" என்று கேட்டுப் பதில் வராவிட்டால் வரும்வரை கேட்பேன். மென்பொருளிலும் அதையே எழுதினேன்: ஐஸ் கேள், கொஞ்சம் பொறு, பதில் வராவிட்டால் மறுபடி கேள்.

வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த இர்பானிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் தண்ணிக் குழாயை நிறுத்தினான்.

"காக்கா, ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு அடையாள இலக்கம் போட்டு அனுப்புங்க. திரும்பக் கேட்டாலும் அதே இலக்கத்தோட கேளுங்க. இல்லாட்டி அங்கால புது ஓடர் எண்டு நினைச்சிரும்."

"அந்த இலக்கம் கட்டாயமில்ல எண்டு நீங்கதானே ஆவணத்தில எழுதியிரிக்கீங்க?"

"எழுதினதுதான். எண்டாலும் போடுறது நல்லம்."

என் வேலை ஒழுங்காக நடப்பதைப் பார்த்து இவனுக்குப் பொறாமை என்று முடிவு செய்தேன். இலக்கம் போடவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு போட் கடலுக்குப் போக ஆயத்தமாக இருந்தது. அதற்கு ஒரு லொறி ஐஸ் வேண்டும். அதைக் கேட்பதுதான் அரங்கேற்றம். நான் அயன் பண்ணிய வெள்ளைச் சட்டையோடு போனேன். மாமாவுக்கு ஒரு கதிரை போட்டேன். பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னவாம் மகன்?"

"கதைச்சிக்கிட்டிரிக்கி மாமா."

"நான் போன்ல கதைச்சா இவ்வளவு நேரம் போறல்லயே."

பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். வட்டத்தைச் சுற்றவிட்டுப் பள்ளிக்குப் போனோம். தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தோம். வாடி வாசலில் ஐஸ் லொறி நின்றது. நான் மாமாவைப் பார்த்து, அடக்கமாக இருக்க முயன்று, சிரித்தேன்.

லொறி ட்ரைவர் மாமாவைப் பார்த்துத் தலையை நீட்டினார். "ஹாஜியார், பின்னுக்கு வாற லொறியையும் இதுக்குள்ளயே விடவா?"

"எந்த லொறி?"

"பின்னுக்கு வாறது. அதுக்குப் பின்னுக்கும் ஒண்டு வருது. கொம்பனில எல்லாருக்கும் சந்தோசம் ஹாஜியார். நீங்க புதுசா போட் வாங்கியிரிக்கீங்களாம் எண்டு கதைக்காங்க."

மாமாவின் போன் அடித்தது. போட்கள் வைத்திருக்கும் யாரோ ஒரு சம்மாட்டி வாழ்த்துச் சொல்ல எடுத்திருந்தார். அவர் வைத்ததும் இன்னொருவர் எடுத்தார்.

நான் உள்ளே ஓடிக் கம்பியூட்டரின் வயரைப் பிடுங்கினேன். வெளியே வந்தபோது தெரு முனையில் இன்னொரு லொறி திரும்பியது. அப்போதுதான் நினைவு வந்தது. இர்பானின் வேலையெல்லாம் எங்கோ தூரத்துச் சேர்வரில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, நானும் அவனுக்குக் குறைந்தவனா என்று என் மென்பொருளையும் அப்படி ஒன்றில் ஏற்றியிருந்தேன். வாடியின் வயருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அங்கே அமைதியாக இருந்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஐஸ் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தப் போனால், பதற்றத்தில் கடவுச்சொல்லைப் பிழையாக அடித்து அடித்து என்னை நானே வெளியே பூட்டிக்கொண்டேன்.

இர்பானுக்கு ஒரு போன் எடுத்தால் எல்லாம் நின்றுவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். போனைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு லொறிதானே, வரட்டும் என்று நினைத்தேன். அதுவும் வந்தது.

ஓடர் எங்கள் பெயரில் இருந்ததால் ட்ரைவர்கள் இறக்கிவிட்டுப் போன ஐஸ் கட்டிகள் வாடி மண்டபம் நிறைந்து, வாசல் தாண்டி, தெருவோரம் வரை நின்றன. மேலே சாக்குப் போட்டிருந்தும் நடு வெயிலில் உருகித் தண்ணி கடற்கரைப் பக்கம் ஓடியது. என் வெள்ளைச் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது.

"மகன்," என்றார் மாமா, மிகவும் மெதுவாக. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இர்பானுக்கு நான் எடுக்கவா, நீங்க எடுக்கீங்களா?"

நான் எடுக்கவில்லை. அவரே எடுத்தார்.

இர்பான் டையோடும் சாரத்தோடும் வந்து இறங்கினான். கையிலிருந்த போனில் எதையோ தட்டி ஆலைப் பக்கம் ஓடரை மூடினான். தெரு முனையில் திரும்ப இருந்த லொறி ஒன்று அப்படியே பின்னுக்குப் போனது. பிறகு போட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டான்: ஹாஜியார் வாடியில் ஐஸ் இருக்கிறது, தேவையானவர்கள் உடனே வந்து ஏற்றலாம். கல்முனையிலிருந்தும், கரையோரம் முழுவதிலுமிருந்தும் ஆட்கள் வண்டிகளோடு வந்தார்கள். மாலை அஸர் தொழுகைக்கு முன் வாடியில் ஈரத் தரைதான் மிச்சம்.

அன்றிரவு விசாரணை மாமி வீட்டில் நடந்தது. நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். இர்பான் எனக்காகக் கதைத்தான்.

"காக்காட பிழை மட்டும் இல்ல மாமா. ஓடர் வந்து சேர்ந்தது, ஆனா எங்கட பக்கத்தால பதில் போகச் சுணங்கிட்டு. ஒரே ஆள் ஒரே ஓடரத் திரும்பத் திரும்பக் கேட்டா எங்கட சேர்விஸ் மறுத்திரிக்கணும். அந்த இலக்கத்த நான் கட்டாயமாக்கியிரிக்கணும்."

இதைக் கேட்டதும் என் பொறாமை அலுமாரியில் புதுத் தட்டு ஒன்று தேவைப்பட்டது. படிப்பில் என்னை மிஞ்சினான், சம்பளத்தில் மிஞ்சினான், மீன் தலையில் மிஞ்சினான். பெருந்தன்மையிலுமா?

மாமா முடிவைச் சொன்னார். கம்பியூட்டர் இர்பானுக்கு. "நீங்க வாசல்ல நிண்டு வாற லொறியப் பாருங்க மகன். ஒண்டு வந்தா ஒண்டெண்டு சொல்லுங்க. ரெண்டாவது வந்தா எனக்கிட்டச் சொல்லுங்க."

"அவர் நல்லாப் பார்ப்பார் வாப்பா," என்றாள் ஸரீனா. "பார்க்கிறதில பிழையே விடமாட்டார்." (அவளுக்கும் ஜன்னல் விஷயம் தெரியும் போலிருக்கிறது.)

அன்றைய நாட்குறிப்பில் "வெயில் கடுமை" என்று மட்டும் எழுதினேன்.

அதிலிருந்து எங்கள் வளவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் எதைக் கேட்டாலும் உடனே யாராவது "கேட்டது, கேட்டது!" என்று கத்துவார்கள். ஸரீனா குசினியிலிருந்து கத்துவாள், அவள் தங்கச்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள், மாமி தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்தாமல் கையை மட்டும் உயர்த்துவார். பதில் வராவிட்டால் நான் மறுபடி கேட்டுவிடுவேன், மறுபடி கேட்டால் என்ன வந்து சேருமோ என்ற பயமாம். விருந்துக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நோன்புப் பெருநாள் அன்று நான் தேத்தண்ணி கேட்டபோது வந்திருந்த பதினைந்து பேரும் ஒரே குரலில் "கேட்டது" என்றார்கள்.

தேத்தண்ணி வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. இர்பானுடையது ஏற்கனவே அவன் கையில் இருந்தது. அவன் கேட்கவே இல்லை.