சோலோ முடியும்வரை ஒரு விரல்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் எழுதும் வணக்கம். கடிதத்தின் தொடக்கத்தில் நலம் விசாரிக்க வேண்டும். விசாரிக்கிறேன்: வலது மணிக்கட்டில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்களா? வேலைக்காலம் முழுவதும் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவர், பல்பு மாற்ற ஏறிய முக்காலியிலிருந்து விழுந்தார் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே நான் நலம். இந்த இடத்தில் அப்படித்தான் எழுத வேண்டும்.

தங்கள் மகள் போன வாரம் ஒரு பெட்டியோடு அங்கே வந்திருப்பாள். "கை சரியாகுற வரைக்கும் கூட இருக்கேன்ப்பா" என்று சொல்லியிருப்பாள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவள் கதவைச் சாத்திய விதத்தில் தங்கள் மணிக்கட்டு சம்பந்தப்பட்டதாக எதுவும் தெரியவில்லை. எனவே நடந்ததை எழுதுகிறேன். நான் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளைத் திருத்தும் வேலையில் இருப்பவன். யார்மீதும் பழி போடாமல் விளைவுகளை மட்டும் எழுதுவது பழக்கமாகிவிட்டது.

ஞாயிறு மாலை. அவள் சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில். இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. எங்கள் ராக் குழுவின் இரண்டாவது தட்டு, முதல் பக்கம், கடைசிப் பாட்டு. எங்கள் குழு என்றால் எனக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. அவர்கள் பாடத் தொடங்கியபோது நான் பிறக்கவும் இல்லை. ரசிகர்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அவள் துண்டோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

அந்த நொடியில் கிட்டார் சோலோ தொடங்கியது. நான் ஒரு விரலைத் தூக்கினேன்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். சோலோ என்பது பாடகர் தண்ணீர் குடிக்க விடும் இடைவெளி அல்ல. அதுவரை வார்த்தையால் சொல்லித் தீராததை, கிட்டார்காரர் ஒரு காலை ஸ்பீக்கர்மேல் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற இடம். ஊடே யாரும் பேசுவதில்லை. சட்டம் எதுவும் இல்லை. மனசாட்சிதான். இந்தப் பாட்டில் சோலோ நீளம். நடுவில் முடிந்துவிட்டதுபோல நிற்கும். முடிந்திருக்காது. அவள் உதடுகள் அசைவது தெரிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டேன்.

முடிந்ததும் விரலை இறக்கினேன்.

"இப்ப சொல்லு."

"சொல்லியாச்சு."

"கேக்கலையே."

அவள் துண்டை மடித்தாள். அவசரமில்லாமல், நான்காக. "நாள் பூரா ஒவ்வொருத்தரையா கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வெச்சு, சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்கன்னு சொல்றவ நான். கேக்காம இருக்கறதுக்குன்னு விரலைத் தூக்குற ஒரே ஆளு நீதான்."

பிறகு பெட்டி. பிறகு கதவு. ஊசி தட்டின் நடுவே போய் உரசிக்கொண்டே இருந்தது.

அவள் காது பரிசோதகர் என்பது தாங்கள் அறிந்ததே. நாங்கள் சந்தித்ததே அந்தக் கண்ணாடி அறையில்தான் என்பது தங்களுக்குத் தெரியாது. நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லியிருந்தோம். அப்படி நண்பர் யாரும் இல்லை. குழுவின் கடைசிக் கச்சேரிக்குப் போய்விட்டு மறுநாள் காதில் ரீங்காரத்தோடு அவளிடம் போனேன். சத்தமான இடத்தில் கடைசியாக எப்போது இருந்தீர்கள் என்று கேட்டாள். நேற்று, பிரியாவிடைக் கச்சேரி, இனி ஆயுளுக்கும் கிடையாது என்றேன். ஓய்வெடுக்கச் சொன்னாள். மறுவருடம் அதே குழு மறுபடி பிரியாவிடை கொடுத்தது. மறுபடி போனேன், மறுபடி ரீங்காரம்.

"போன வருஷமே கடைசின்னீங்களே."

"அது அவங்களுக்கும் அப்ப தெரியாது."

அவள் சிரித்தது கண்ணாடிக்கு அந்தப் பக்கம். எனக்குக் கேட்கவில்லை. பார்த்தேன். மூன்றாவது பிரியாவிடைக்கு இருவரும் கணவன் மனைவியாகவே போனோம். அவள் தன் காதுக்கு அச்செடுத்துச் செய்த அடைப்பான்களோடு வந்தாள். நான் முடியை மேல்நோக்கிச் சீவி அரை டப்பா ஸ்ப்ரே அடித்து நிறுத்தியிருந்தேன். டாக்ஸி ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "தம்பி, கூரைல இடிக்காம உக்காருங்க, அழுக்காயிடும்" என்றார். கூரை அழுக்காகும் என்றாரா, முடியா என்று தெரியவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று தாங்கள் ஒருமுறை கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். ஐந்து பேர். இறுக்கமான கால்சட்டை, கண்ணுக்கு மை, தோளுக்குக் கீழே முடி. காதல் போனால் ஊரே இடிந்ததுபோலக் கத்துவார்கள். காதல் வந்தாலும் அதே கத்தல். கூச்சம் என்ற ஒன்று அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. எனக்கு அது இருவருக்குப் போதுமான அளவு கொடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மகளை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைக்கூட அவளிடம் நான் ஒரு பாட்டைப் போட்டுத்தான் சொன்னேன். அவள் அது முடிகிற வரை காத்திருந்து, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள். "அதேதான்" என்றேன்.

தாங்கள் எங்கள் வீட்டில் வந்து தங்கிய வாரத்தையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் நிலைமை கெடத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சின்ன அறையில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்த்து, "யாரு மாப்ள இந்தப் பொண்ணுங்க?" என்றீர்கள். ஐந்து பேரும் ஆண்கள் என்றேன். "அப்படியா. வீட்ல எடுத்துச் சொல்ல ஆளில்ல போல" என்றீர்கள். அது பரவாயில்லை. மறுநாள் நான் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போன இடைவெளியில் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, "ஆளே இல்லாத ரூம்ல யாருக்காகப் பாடுது?" என்று கேட்டீர்கள்; அதற்கு மறுநாள் நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு மின்சாரம் வீணாகிறது என்று மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு நடைக்குப் போய்விட்டீர்கள், குளிர்பெட்டியில் பால் திரிந்தது, மீன் நாறியது, என் ஆம்ப்ளிஃபயர் அதன் பிறகு இடது பக்கம் மட்டும் பேசுகிறது. தாங்கள் தங்கள் வீட்டிலும் நாங்கள் எங்கள் வீட்டிலும் இருக்கும் தற்போதைய ஏற்பாடு மிகச் சிறந்தது என்று நான் கருதுவது இதனால்தான். மரியாதைக் குறைவாக எழுதவில்லை. விளைவுகளை மட்டும் எழுதுகிறேன்.

அவள் போன பிறகு நான் பதறவில்லை. காரணம் உண்டு. இந்தக் கச்சேரிகளில் கடைசிப் பாட்டு முடிந்ததும் குழு கையசைத்துவிட்டுப் போய்விடும். மேடை இருளும். யாரும் எழுந்து போகமாட்டார்கள். திரும்பி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். என்கோர் என்று அதற்குப் பெயர். அனுபவமுள்ள ரசிகன் மேடையைப் பார்ப்பதில்லை, கூரையைப் பார்ப்பான். அரங்கத்தின் விளக்குகள் எரிந்துவிட்டால் முடிந்தது, பெருக்குகிறவர்கள் வந்துவிடுவார்கள். இருட்டாகவே இருந்தால் வருவார்கள்.

ஆகவே வீட்டில் அடையாளம் தேடினேன். அலமாரியில் அவளுடைய காதடைப்பான் டப்பா அப்படியே இருந்தது. திரும்பி வரும் எண்ணமில்லாதவள் அதை விட்டுப்போவாளா? பிறகு யோசித்தேன். தங்கள் வீட்டில் அது எதற்கு?

இடையில் என் நன்னடத்தையை நிரூபிக்க வேண்டும் என்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்கத் தொடங்கினேன், அதனால் சமையலறைக் குழாயை மூடாமல் வந்தது காதில் விழவில்லை, தண்ணீர் கூடத்தைக் கடந்து தரை வழியாகக் கீழ்வீட்டுத் தையற்காரரின் வெட்டுமேசைக்கு இறங்கியது, அங்கே யாரோ ஒரு மணமகனின் கோட்டு இருந்திருக்கிறது, அவர் அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து என் தோளைத் தட்டும்வரை எனக்கு எதுவும் தெரியாது, கோட்டை நானே உலர்த்தித் தருகிறேன் என்று உங்கள் மகளின் முடி உலர்த்தியையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே பிளக்கில் சேர்த்துப் போட்டேன், கட்டடமே இருண்டுவிட்டது. அந்த இருட்டில் நாங்கள் இருவரும் ஈரக்கோட்டை ஆளுக்கொரு கையில் பிடித்தபடி நின்றோம்.

"சார், நீங்க பாட்டையே போடுங்க" என்றார் அவர். "அது ஈரமா இருக்காது." சற்றுப் பொறுத்து, "உங்க மாமனார் கரண்ட்காரர்தானே. அவர் இங்க இருந்தா நமக்கு இந்தக் கஷ்டமில்ல" என்றார்.

நானோ, இருட்டாக இருக்கிறதே, அது நல்ல அடையாளம்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு மருந்தியல் அக்கா. என்ன ஆச்சு என்று கேட்டார், என்கோர் வரை எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அவங்க திரும்பி வர்ற வரைக்கும் கூட்டம் என்னடா பண்ணும்?" என்றார்.

"கத்தும்."

"நீ கத்துனியா?"

"இல்லக்கா. போன் பண்ணினேன். அன்னைக்கு நீ என்ன கேட்டன்னு கேட்டேன். சோலோ முடிஞ்சுதான்னு கேட்டுட்டு வெச்சுட்டா."

"கம்முனு உக்காந்திருக்கற கூட்டத்துக்கு எவன்டா திரும்பி வந்து பாடுவான்?"

அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் நான் கத்துகிறவன் அல்லன். கத்துகிறவர்களை ரசிக்கிறவன். எனவே தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அன்று அவள் என்னிடம் கேட்டது என்ன? பக்குவமாக விசாரித்து ஒரு வரி எழுதினால் போதும். இங்கே நானாகச் சில ஊகங்கள் செய்து பார்த்தேன். போஸ்டரைக் கழற்றலாமா. முடியை வெட்டலாமா. நாம் பிரிந்துவிடலாமா. முதல் இரண்டுக்கும் பதில் தயாராக இருக்கிறது. மூன்றாவதை நினைத்தால் தாளைத் திருத்தும்போது வரி தாண்டிவிடுகிறது. சளி மருந்துத் தாள் ஒன்றில் ஒரு பத்தி முழுவதும் தவறிப்போய், அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் அக்கா பிடித்தார்.

மணிக்கட்டைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம். தங்கள் ஆசி எங்கள் இருவருக்கும், ஒரே முகவரியில், கிடைக்க வேண்டும்.

பணிவுடன்,
மருமகன்

பி.கு.: மேலே உள்ளதை விட்டுவிட்டு இதை மட்டும் படிக்கவும். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்றால் வேறு தாள் இல்லை.

தபாலில் தாமதமாகும் என்று நேரில் கொண்டுவந்தேன். தங்கள் வாசல் பெட்டியில் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் அடுத்த பேருந்தில் போய்விடுவதாகத் திட்டம். பொழுது சாயும் நேரம். அவள் ரொட்டி வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பி, என்னைப் பார்க்காமலே கதவைத் திறந்து உள்ளே போகப் பார்த்தாள். கத்தினேன். "மிளகு" என்று. நான் அவளை வீட்டில் கூப்பிடும் பெயர் அது. தாங்கள் வைத்த பெயர் கத்துவதற்கு வாகாக இல்லை. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார்.

அவள் சாலையைக் கடந்து வந்தாள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. மெதுவா சொல்லு."

"அன்னைக்கு என்ன கேட்ட?"

"இப்ப பாட்டு எதுவும் ஓடலையே?"

"இல்ல."

"அப்பா இனிமே தனியா இருக்க வேணாம், நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாமான்னு கேட்டேன். நீ விரலைத் தூக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்ட."

சட்டைப் பைக்குள் இந்தக் கடிதம் இருந்தது. அதில் தங்களைப் பற்றி எழுதியிருந்த பத்தி வரிவரியாக நினைவுக்கு வந்தது.

"வரட்டும்" என்றேன்.

"அதை அவர்கிட்ட நீயே கேளு. ஒரு தடவைக்கெல்லாம் அசையமாட்டாரு. கேட்டுக்கிட்டே இருக்கணும்." ரொட்டியோடு உள்ளே போய்விட்டாள்.

எதிரே பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கேட்கிறேன். எங்களோடு வந்து இருங்கள், மாமா. வந்துடுங்க மாமா. வாங்க. மெயின் சுவிட்ச் உங்க பொறுப்பு, கீழ்வீட்டுத் தையற்காரரும் உங்களைத்தான் எதிர்பார்க்கிறார். ஆம்ப்ளிஃபயர் பிளக்கை உங்க கட்டில் பக்கத்துச் சுவருக்கு மாத்திடறேன், எப்ப வேணும்னாலும் பிடுங்கலாம், சோலோல மட்டும் கை வைக்காதீங்க. போஸ்டரை எடுக்கமாட்டேன். அந்த அஞ்சு பேரும் உங்களைவிடப் பெரியவங்க, ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும். வாங்க மாமா.

உங்க வீடு இருட்டா இருக்கு. அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லன்னு தெரியும், நீங்க எப்பவும் அணைச்சுத்தான் வெப்பீங்க. விளக்கு எரிஞ்சா எல்லாம் முடிஞ்சுதுன்னு இத்தனை நாள் நினைச்சிருந்தவன் கேக்கறேன்: சரின்னா வாசல் விளக்கை ஒரு தடவை போடுங்க. இதைப் படிக்க உள்ள ஒரு விளக்கு போட வேண்டியிருக்கும், அதை நான் கணக்குல எடுத்துக்கமாட்டேன். வாசல் விளக்கு. உடனே அணைச்சிடலாம். பஸ்ஸை விட்டுட்டேன், இதைப் பெட்டியில போட்டு மணியடிச்சுட்டு மறுபடி பெஞ்சிலதான் இருப்பேன்.

இடது கையால போடுங்க.