இரண்டு பேருக்கான வாங்கு

"ரெண்டு பேர் மட்டும் காட்டுக்குப் போனா ஜின்னு அண்டுமாம். புதுப் பொண்ணு மாப்புள எண்டா இன்னும் கெதியா அண்டுமாம்" என்று கதவு நிலையில் சாய்ந்தபடி சித்தி லைலா அறிவித்தாள்.

காலிதீன் தேநீர்க் கோப்பையோடு கட்டிலில் அப்படியே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஜுனைதாவைக் கூட்டிக்கொண்டு காட்டு நடைபாதைக்குப் போய்வரலாமா என்றுதான் அவன் கேட்டிருந்தான். அதையும் மனைவியிடம் மட்டும், அவள் காதருகே குனிந்து கேட்டிருந்தான். கேட்டு முடித்து, தேநீர் ஒரு மிடறு குடிப்பதற்குள் பதில் அடுப்படியிலிருந்து வந்துவிட்டது.

"ஆர் சொன்ன, சாச்சி?"

"வேற ஆரு, உங்கட மாமிதான். காடு கூடாது எண்டு மட்டுந்தான் அவ சொன்ன. ஜின்னு நான் போட்டது."

அந்த வீட்டின் உட்சுவர்கள் கூரையைத் தொடவில்லை. ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம் எழும்பி, களைத்ததுபோல் நின்றுவிட்டன. ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுத்திருந்தார்கள். நாற்பது நாளைக்கு முன்னர் காலிதீன் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். கதவுள்ள அறை அங்கே ஒன்றே ஒன்றுதான். அதற்கு நீலச் சுண்ணாம்பு பூசி, மேலே வெள்ளைத் துணி கட்டி, புதுச் சோடிக்கு விட்டுவிட்டார்கள். மாமா அபூசாலி முன் மண்டபத்துச் சாய்மனைக் கதிரைக்கு மாறினார். மாமி சுபைறா மற்ற மூன்று மகள்மாரோடும், விதவையாகிவிட்ட தங்கை சித்தி லைலாவோடும் அடுப்படிப் பக்கம் பாய் விரித்தார்.

மாமி மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கமும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சித்தி லைலாவிடம் சொல்லி அனுப்புவார். மாமா மண்டபத்திலிருந்து வெற்றிலை கேட்டாலும் அந்த வழிதான். வீட்டின் எல்லாச் சொற்களும் சித்தி லைலாவின் வாயில் ஒருமுறை குளித்துவிட்டுத்தான் மறுகரை ஏறின.

காலிதீனின் சட்டைப் பைக்குள் ஒரு கடதாசி இருந்தது. அவன் அம்பாறையில் காட்டிலாகாக் கந்தோரில் எழுதுவினைஞன். நுவரெலியாப் பக்கம் இடமாற்றம் தரலாம், இரண்டு அறைக் குவாட்டர்சும் உண்டு, விருப்பமா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் எழுத வேண்டும் என்று கடதாசி சொன்னது. அவனுக்கு ஜுனைதாவின் விருப்பம் தெரிய வேண்டும். வீட்டாரின் விருப்பமல்ல, அவளுடையது. அதை நீல அறைக்குள் கேட்டால், அவள் வாய் திறக்கும் முன்னே மூன்று பேர் பதில் சொல்லியிருப்பார்கள்.

அதனால்தான் காட்டை நினைத்தான். இங்கினியாகலைப் பக்கம், சனங்கள் நடந்து பார்க்கட்டும் என்று போன வருடம் இலாகா ஒரு பாதை வெட்டியிருந்தது. ஒன்றரை மைல் தூரம், ஐந்து அறிவிப்புப் பலகைகள். முடிவில் ஒரு பெரிய பாறை. பாறைக்கு அப்பால், குளத்தைப் பார்த்தபடி உட்கார ஒரு வாங்கு. வாங்குக்குப் படம் கீறியவன் காலிதீன்.

"நாலு பேர் இருக்கிற மாதிரி நீட்டலாமே?" என்று அதிகாரி கேட்டிருந்தார்.

காலிதீனுக்கு அந்தக் கிழமைதான் கலியாணம் பேசி முடித்திருந்தது. "ரெண்டு பேருக்குப் போதும் சேர்" என்றான்.

அந்த வாங்கில் பத்து நிமிடம். அவன் கேட்டது அவ்வளவுதான்.

"அது அரசாங்கப் பாதை, சாச்சி. வாட்சர் இரிக்கார். ஜின்னெல்லாம் இல்ல" என்றான் இப்போது.

சித்தி லைலா போனாள். வந்தாள்.

"வாட்சர் அன்னிய ஆம்புளதானே எண்டு கேக்காவு. மாமாவும் கூட வாறாராம்."

காலிதீன் அவசரமாக ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்தான். "அங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் உடுவாங்க. மூணு பேர் எண்டா ஏலாது."

அடுப்படியில் விரல்விட்டு எண்ணும் சத்தம் சுவருக்கு மேலாக வந்தது.

"சரியாம்" என்றாள் சித்தி லைலா, மூச்சு வாங்க. "நீங்க ரெண்டு பேர். மாமாவும் மாமியும் ரெண்டு. குமருகள் மூணு, நான் ஒண்டு, நாலு. எல்லாம் இரட்டப்படைதான். சட்டம் சரியா வருது, மருமகன்."

ஜுனைதா முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. நாற்பது நாளாகியும் அதுகூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் மாமாவிடம் நேரே போனான்.

"மாமா, அந்தக் காட்டில ஆனை நடமாட்டம் கூட. பொம்புளப் புள்ளைகளக் கூட்டிப் போறது சரியில்ல. முதல்ல நானும் ஜுனைதாவும் போய்ப் பாத்துட்டு வாறமே."

சாய்மனைக் கதிரையில் கிடந்த அபூசாலி முதுகைத் தடவியபடி நிமிர்ந்தார். சவளக்கடையில் எட்டு ஏக்கர் வயல் செய்கிறவர் அவர். ஆனை என்ற சொல் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆனையா மகன்? நம்மட வயலுக்கு வராத ஆனையா? காவல்காரன் ரெண்டு பேரையும் ஆன வெடியோட கூட்டிட்டு வாறன். உழவு மெசினையும் பெட்டியையும் எடுப்பம். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

சனிக்கிழமை காலிதீன் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தான். "அங்க கடை இல்ல. ஒரு வாய் தேத்தண்ணிகூட எடுக்க ஏலாது."

அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். பின்னேரமே பக்கத்து வீட்டு ஹப்ஸாவிடமிருந்து சோறாக்கும் பெரிய கிடாரம் வந்தது. கிடாரம் தந்தவரை விட்டுப் போவது மரியாதையில்லை. ஹப்ஸா தன் மாப்பிள்ளையை விட்டு வரமாட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் ஐந்து. ஆள் ஒற்றைப்படையாகிவிட்டதே என்று சித்தி லைலா கவலைப்பட்டு, வேலிக்கு மேலால் எட்டி இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். அவள் தமக்கையையும் சேர்த்துக்கொண்டாள். தமக்கை வந்ததால் மீண்டும் ஒற்றைப்படையானது. தமக்கையின் மகளோடு கணக்கு நேரானது.

ஞாயிறு காலையில் உழவு மெசினின் பின்பெட்டிக்குள் இருபது பேர் இருந்தார்கள். நடுவில், இருபத்தோராவது ஆளைப்போல, கிடாரம்.

காட்டு வாசலில் வாட்சர் யோசப் கம்பில் தாடையை ஊன்றி நின்றார். அந்தப் பாதைக்கு ஒரு மாதத்தில் மூன்று பேர் வந்தால் அதிசயம். மெசின் நின்று, சனம் இறங்கி, விறகு இறங்கி, பாய் இறங்கி, கடைசியில் வெள்ளாட்டு இறைச்சி வாளி இறங்கும்வரை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலிதீன் தம்பி" என்றார் பிறகு. "நடக்க வந்தீங்களா, குடியேற வந்தீங்களா?"

"கேக்காதீங்க அண்ணன்."

"இல்ல, ரிப்போட்டில எழுத வேணும். எதுக்கு எழுத?"

மர நிழலில் நெய்ச்சோறு கொதித்தது. காவல்காரர் இருவரும் ஆனை வராத ஏமாற்றத்தில் ஒரு வெடியைச் சும்மா கொளுத்திப் பார்த்தார்கள். காட்டில் இருந்த பறவையெல்லாம் குளத்துக்கு அப்பால் போயின. மாமா ஒருமுறை தனியே காட்டுப் பக்கம் போய்வந்தார். தொழுகைக்கு ஒளுச் செய்யத் தண்ணீர் தேடிப் போனார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாப்பாடு ஆனதும் முதல் தட்டை மாமாவே எடுத்துப்போய் யோசப்புக்குக் கொடுத்தார். பிறகு அவர் தோளில் கைபோட்டு என்னவோ விசாரித்தார். யோசப் தன் குடிலுக்குப் பின்னால், தான் சைக்கிளில் போகிற ஒற்றையடிப் பாதையைக் கைநீட்டிக் காட்டினார்.

"எழும்புங்க, நடப்பம்!" என்று சித்தி லைலா கைதட்டினாள்.

"எனக்கு முழங்கால் பிடிக்குது. மெசின் நிழல்ல சாயப் போறன்" என்றார் மாமா.

மாமி சித்தி லைலாவின் காதில் ஏதோ சொன்னார்.

"கிடாரம் கழுவ இரிக்காம். ராத்தாவும் வரல்லயாம்" என்றாள் சித்தி லைலா.

காலிதீனின் மனம் துள்ளியது. இருவர் குறைந்தால் இன்னும் பதினாறு பேர். அவர்களுக்கும் அவனிடம் ஒரு வழி இருந்தது. இரண்டாம் பலகையடியில் பாதை பிரியும். இடப்பக்கம் பாறைக்கு, வலப்பக்கம் குளத்தின் ஆழமில்லாத கரைக்கு. பலகை ஒற்றை ஆணியில் தொங்குகிறது என்று இலாகாவுக்கு எழுதியவனே அவன்தான். அதிலுள்ள அம்பைத் திருப்பிவிட்டால் கூட்டம் தண்ணீர்ப் பக்கம் போய்விடும்.

பாம்பு கிடக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி முன்னால் ஓடினான். பலகையைப் பிடித்தான். கை அப்படியே நின்றது.

அம்பு ஏற்கெனவே தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

குரங்கின் வேலையாக இருக்க வேண்டும். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, அந்தக் குரங்கை மனதார வாழ்த்தினான்.

"அரசாங்கம் காட்டுற பக்கந்தான் போகணும். கோடு மாறக் கூடாது" என்று சித்தி லைலா கூட்டத்தை வலப்பக்கம் நடத்திப் போனாள். ஜுனைதாவின் செருப்பு வார் சரியாக அந்த இடத்தில் கழன்றது. அவள் குனிந்து அதைப் பூட்டினாள். பூட்டினாள். கடைசிப் பிள்ளையின் கூச்சலும் மரங்களுக்குள் மறையும்வரை பூட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். வாரில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இருவரும் இடப்பக்கம் நடந்தார்கள். வெயில் இலைகளுக்குள்ளால் விழுந்து பாதையில் சல்லிக்காசுகளாக ஆடியது. மூன்றாம் பலகையடியில் ஜுனைதா நின்று, அவன் எழுதிக் கொடுத்திருந்ததை வாசித்தாள்.

"இது பாலை மரம். இதன் நிழலில் சற்று இளைப்பாறிச் செல்க."

காலிதீன் திகைத்துப் போனான். அவளுடைய குரல் அது. கணீரென்று, நடுவில் சிறிது உடைந்து, கடைசியில் சிரிப்பில் முடிகிற குரல். வீட்டில் அவள் கிசுகிசுப்பாள். நாற்பது நாளாக அவன் ஒரு கிசுகிசுப்போடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறான்.

"இன்னொருக்கா வாசிங்க" என்றான்.

"என்னத்துக்கு? பிழையா வாசிச்சனா?"

"இல்ல. சும்மா."

அவள் மறுபடி வாசித்தாள். இந்த முறை காட்டுக்கே கேட்கும்படி வாசித்தாள்.

பாறை தெரிந்தது. அதைச் சுற்றி அப்பால் போனால் வாங்கு. ஆனால் அதற்குள் தூரத்தில், கரைப் பக்கமிருந்து, "ஜுனைதாஆ!" என்று சித்தி லைலாவின் குரல் நீண்டு வந்தது. ஆள் எண்ணியிருக்கிறாள்.

இனிப் பொறுக்க முடியாது. பாறையின் இந்தப் பக்கத்திலேயே, நின்ற நிலையில் காலிதீன் கடதாசியை எடுத்தான். நுவரெலியா என்றான். குவாட்டர்ஸ் என்றான். "சுவரெல்லாம் கூரைமட்டும் இரிக்காம்" என்றான். "நாளைக்குப் பதில் எழுதணும். உங்களுக்கு விருப்பமா எண்டு சொல்லுங்க. நீங்க சொல்றதத்தான் எழுதுவன்."

ஜுனைதா பாறையைத் தொட்டபடி நின்றாள்.

"எனக்கு விருப்பந்தான்" என்றாள். "குளிரில நடுங்கி நடுங்கி, சத்தம் போட்டுக் கதைச்சிட்டு இருக்க எவ்வளவு விருப்பம் எண்டு உங்களுக்குத் தெரியா." பிறகு குரல் இறங்கியது. "ஆனா உம்மா தாங்க மாட்டா. நம்மட பக்கத்தில பொம்புளப் புள்ள வீட்ட உட்டுப் போறது எங்க இரிக்கி? அந்த அறைக்கு அவதான் கையால சுண்ணாம்பு பூசின. நான் போனா, அந்த வெறும் அறையப் பாத்துப் பாத்தே அழுவா."

அவன் கடதாசியை நாலாக மடித்தான்.

"அப்ப ஏலாது எண்டு எழுதிறன்."

"கோபமா?"

"சீ. உங்கட குரலக் கேட்டாச்சு. அது போதும்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வாங்க, அந்த வாங்கிலயாவது ஒரு நிமிசம் இருந்துட்டுப் போவம்."

அவள் முதன்முறையாகப் பகல் வெளிச்சத்தில் அவன் கையைப் பிடித்தாள். இருவரும் பாறையைச் சுற்றி அப்பால் வந்தார்கள்.

வாங்கு நிறைந்திருந்தது.

ஒரு பக்கம் அபூசாலி, மறுபக்கம் சுபைறா. இரண்டு பேருக்கென்று கீறிய வாங்கு அவர்களுக்கு அச்சொட்டாக அளவாக இருந்தது. மாமாவின் காலடியில் மெசின் சுத்தியல் கிடந்தது. மாமியின் முக்காடு தோளுக்கு நழுவியிருந்தது. மடித்த வெற்றிலையொன்று அவர் விரல்களில், மாமாவின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், அப்படியே நின்றது. பாறைக்கு அந்தப் பக்கம் பேசிய ஒவ்வொரு சொல்லும் இந்தப் பக்கம் கேட்டிருக்கும் என்பது இருவரின் முகத்திலும் தெரிந்தது.

மாமா அவசரமாகக் குளத்தைப் பார்த்தார். மாமி முக்காட்டை இழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில், சொல்லி அனுப்புவதற்குச் சித்தி லைலாவைத் தேடி அங்குமிங்கும் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. தொண்டையைச் செருமினார். பிறகு, நாற்பது நாளில் முதல் தடவையாக, காலிதீனின் முகத்தை நேரே நிமிர்ந்து பார்த்தார்.

"மருமகன், அந்தக் கடதாசிக்கு ஓமெண்டே எழுதிக் குடுங்க, எங்கட அறை எங்களுக்கு வேணும்."