ப்ளக் சித்தரும் இரண்டு மாவுக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மைதானத்துக்கு வந்து பாருங்கள். வண்டி ஓட்ட நிற்கும் வரிசையைவிட எலும்பு காட்ட நிற்கும் வரிசைதான் நீளம்!

மைதானம் என்றால் கைவிடப்பட்ட கல்குவாரி. மண்மேட்டின்மேல் மோட்டார் சைக்கிளில் பறப்பார்கள். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாக இறங்குவார்கள். சாலை இல்லை, சிக்னல் இல்லை, எதிரே லாரி இல்லை. விழ மட்டும் தாராளமாக இடம் உண்டு. வாசலில் ஹெல்மெட் வாடகைக்கு விடுவது அடியேன். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அதனால்தான் என் எலும்பெல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன.

என் கடைக்கு அடுத்த தகரக் கொட்டகையில் ப்ளக் சித்தர் அருள்பாலிக்கிறார். விழுந்த வண்டியின் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிக்கொண்டு போகவேண்டும். அதை நூலில் கட்டி மாவுக்கட்டுக்கு மேலே பிடிப்பார். ஆடினால் எலும்பு ஒட்டவில்லை. ஆடாமல் நின்றால் ஒட்டிவிட்டது, அங்கேயே கத்தரி! காணிக்கை, அந்த வண்டியிலிருந்து நல்ல பாகம் ஒன்று. மறுவாரம் அது சித்தரின் மச்சான் கடையில் தொங்கும். அதையே வாங்கிப் பூட்டிக்கொண்டு வந்த பக்தரையும் பார்த்திருக்கிறேன், ஐயா!

இவர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. கார்புரேட்டரில் தூசி இருந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். சொந்த எலும்பு என்றால் மட்டும் நூலில் ஆடுகிற ப்ளக்!

கோணக்கையிடம் ஒருமுறை கேட்டேன். மூன்றாம் வாரமே சித்தர் கட்டைப் பிரித்ததில் அவனுக்கு வந்த பெயர் அது.

"கட்டு போட்ட ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போகலையா?"

"அங்க நாலு மணி நேரம் உக்காரணும்ணே. சித்தர் அஞ்சு நிமிஷத்துல பாத்துட்டாரு."

"கை கோணலா நிக்குதேப்பா?"

"என் நம்பிக்கைதான் கோணலாம். அவரே சொன்னாரு."

இந்த வாரம் தச்சர் முறை. மூன்று வாரத்துக்கு முன் மேட்டிலிருந்து விழுந்து வலது முன்கை முறிந்தவர். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவர். டாக்டர் ஆறு வாரம் என்றார். சித்தரோ, "ஞாயித்துக்கிழமை பிரிச்சிடலாம், அடுத்த வாரம் பந்தயத்துக்கே போகலாம்" என்று சொல்லிவிட்டார். தச்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த ஞாயிறு காலை அந்தம்மா பக்கெட்டோடு என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, வலது கையை நீட்டுங்க. கட்டு போடணும்."

"எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா!"

"அதனாலதாண்ணே உங்க கை வேணும். நேத்து இவரை இழுத்துட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு சேரலை. கேட்டா, படம் பொய் சொல்லும், ப்ளக் சொல்லாதுங்கறாரு. கை கோணிப்போச்சுன்னா உளியை எப்படிப் பிடிப்பாரு? பயமா இருக்குண்ணே."

நீட்டிவிட்டேன்.

கொட்டகையில் அந்தம்மா பணிவாகக் கும்பிட்டார். "சாமி, ஆளோட முகத்தைப் பாக்கவே வேண்டாம், எலும்பு போதும்னு போன வாரம் சொன்னீங்களே. இன்னைக்கு அப்படியே பாருங்களேன்."

கூட்டம் கைதட்டியது. சித்தர் எப்படிப் பின்வாங்குவார்? தார்ப்பாய் கட்டினார்கள். பின்னால் நானும் தச்சரும், கிழிசல் வழியே பார்த்தபடி. வெளியே இரண்டு மாவுக்கட்டு மட்டும்.

"உங்க கையைப் பாத்ததும் சித்தர் சிரிச்சிடுவாரு பாருங்க" என்று தச்சர் என் காதில் சொன்னார். பாவம், அவ்வளவு நம்பிக்கை!

முதலில் அவர் கை. ப்ளக் அசையவில்லை. "இரும்பு மாதிரி ஒட்டிடுச்சு! எடு கத்தரியை!" "ரெண்டையும் பாத்துட்டு வெட்டலாம் சாமி" என்றார் அந்தம்மா.

அடுத்து என் கை. உள்ளே அரிப்பு, தொண்டையில் சிரிப்பு. அடக்க அடக்கக் கை கிடுகிடுவென்று நடுங்கியது. அதைப் பார்த்ததும் சித்தர் பிடித்த ப்ளக் ஊஞ்சலாடியது.

"ஐயையோ! ரெண்டு இடத்துல முறிவு! பலமான அடி!"

அந்தம்மா என் கட்டை வெட்டினார். நான் வெளியே வந்து, ஆசை தீரச் சொறிந்து, அந்தக் கையாலேயே இரண்டு ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினேன்.

சித்தர் சளைக்கவில்லை. "இது... இனிமே வரப்போற முறிவு!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

"அப்போ நூலை இந்த ஆணியில கட்டுங்க சாமி, தானா ஆடட்டும்" என்றார் அந்தம்மா. கட்டினார்கள். கீழே கோணக்கை வந்து நின்றான், தச்சர் நின்றார், நானும் நின்றேன். விரல் பிடிக்காத ப்ளக் யாருக்கும் ஆடவில்லை. திரும்பிப் பார்த்தால் சித்தரைக் காணோம்.

தச்சர் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அந்தப் படத்தைக் காட்டு."

அந்தம்மா காட்டினார். விரிசல் கறுப்பாகத் தெரிந்தது.

"சேருமா?"

"கட்டு இருந்தா சேரும்ங்க."

கோணக்கை முன்னால் வந்தான். "அக்கா, என் கை?"

"டாக்டர்தான் சொல்லணும்பா. நாளைக்கு வா. நாலு மணி நேரம் உக்காரணும்."

"உக்கார்றேன்க்கா."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. நாலு மணி நேரத்துக்குச் சோம்பி ஒரு கையைக் கொடுத்திருக்கிறான்.

இப்போது என் கடையில் புதுப் பலகை தொங்குகிறது: "ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும். தலைக்குள்ளே இருப்பதை இத்தனை நாளும் பத்திரமாகவே வைத்திருக்கிறீர்கள். ஒரு கீறல் இல்லை, புத்தம் புதிது. இனிமேலாவது எடுத்துப் பயன்படுத்துங்கள்."