ஒரு பக்கம் மட்டும் பாடிய பெட்டி

தாம்கா கிராமம்,
ஏரிக்கரை.

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனன் நசிருதீனுக்கு, அத்தான் சகினாலி எழுதிக்கொள்வது. இங்கு நாங்களும் ஆடுமாடுகளும் நலம். அங்கு பிஷ்கெக்கில் நீயும் மனைவி மக்களும், ஆடுமாடு இல்லாத குறைக்கு உன் காரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இந்த வருஷம் மழை பரவாயில்லை, குதிரை குட்டி போட்டது. மரியாதைக்கு எழுத வேண்டியதெல்லாம் எழுதியாகிவிட்டது. இனிமேல் திட்டுகிறேன்.

நீ தொர்தோய் சந்தையில் வாங்கி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய ஸ்டீரியோ ரிசீவர் வந்து சேர்ந்தது. முன்பக்கம் பார்த்தால் மந்திரி மாதிரி இருக்கிறது, பின்பக்கம் பார்த்தால் மாவு சலிக்கிற சல்லடை. எங்கள் பழைய ரேடியோப் பெட்டிக்கு முதுகில் ஒரே ஒரு ஓட்டை, டேப் ரெக்கார்டரைச் சொருகினால் பாடும், பிடுங்கினால் நிற்கும். இதில் எதை எங்கே சொருகுவதென்று ஒரு மனுஷனுக்கும் தெரியவில்லை. ஆனாலும் நான் ஏன் உன்னிடம் கேட்டு வாங்கினேன் என்பது உனக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் தொண்டையில் ஆபரேஷன் பண்ணினதிலிருந்து உன் அக்கா பூருலுக்குக் குரல் இல்லை. தெருமுனையிலிருந்து கத்தினால் மலைமேல் மேயும் ஆடு திரும்பிப் பார்க்குமே, அந்தக் குரல் போய், இப்போது காத்து போகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. வீடு வீடாவே இல்லைடா நசிருதீன். என்னைத் திட்ட ஆளில்லாமல் நான் பாதியாகிவிட்டேன். அவ குரல் மிச்சமிருக்கிற ஒரே இடம் அந்த டேப்தான், கல்யாணத்துக்கு முன்னாடி ஊர் கிளப்புல ஆளுக்கொரு மைக் வச்சு நானும் அவளும் எதிரும் புதிருமா பாட்டுப் போட்டி போட்டது.

அந்த டேப்பை நீயும் நூறு தடவை கேட்டிருப்ப. நான் கோமுஸ் தந்தியை மீட்டிக்கிட்டு ஒரு பாட்டுப் பாடுவேன், அப்புறம் அவ முறை வரும், ஒரே அமைதி, பின்னாடி எங்கேயோ ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம், உடனே சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். "பாத்தியா, உங்க அக்கா வாயடைச்சு நின்னா, ஊரே சிரிக்குது"ன்னு நான் சொல்வேன். அவ சமையல்கட்டுலேர்ந்து, "நான் பாடினேன், உங்க பெட்டிதான் செவிடு"ன்னு கத்துவா. எனக்கு அன்னிக்கு மேடைப் பயத்துல காது அடைச்சுப்போய் அவ என்ன பாடினான்னு ஒண்ணுமே ஏறல. டேப் சொன்னதுதான் எனக்கு வேதம். புதுப் பெட்டியில போட்டா அந்த ஈச் சத்தமாவது கொஞ்சம் பெருசாக் கேக்குமேன்னுதான் ஆசைப்பட்டேன்.

பெட்டி வந்த சேதி கேட்டு முதல் ஆளா வந்தான் பக்கத்து வீட்டு தெமிர்குல். புதுசைப் பாக்க வர்றவன் வெறுங்கையோட வரக்கூடாதுன்னு ஒரு தட்டு பூர்சோக் ரொட்டி பொரிச்சுக் கொண்டாந்தான். தட்டைக் குடுத்துட்டா பெட்டியில பாதி அவனுக்குச் சொந்தம்னு நினைப்பு. "தள்ளுய்யா, பஸ் டிப்போவுல நான் பாக்காத ஒயரா?"ன்னு உக்காந்துட்டான். எங்க பழைய ரெக்கார்டு பிளேயரை டேப்புக்கு உண்டான ஓட்டையில சொருகினான், கொசு பாடுச்சு. டேப்பை ரெக்கார்டு பிளேயருக்கு உண்டான ஓட்டையில சொருகினான், காளைமாடு கர்ஜிச்சுது, நாய் ஓடிப்போச்சு, இன்னும் வரல. அதோட விட்டானா? விருந்தாளி மேல்பக்கத்துல வாசலைப் பாத்து உக்கார்றதால ஸ்பீக்கர் ரெண்டும் வாசப்படி பக்கம்தான் இருக்கணுமாம். ஒயரெல்லாம் வாசலுக்குக் குறுக்கே. நம்ம வீட்டுல வாசப்படியை மிதிக்கிறதே பாவம், இப்போ அதுக்கு மேல ஒயரையும் தாண்டணும். உன் அக்கா மாவுத் தட்டோட தடுக்கி விழுந்து வெள்ளை வெளேர்னு எழுந்திரிச்சா, திட்டக்கூட முடியாம என் முதுகுல ரெண்டு போட்டா. உண்மையைச் சொல்றேன், சந்தோஷமா இருந்துச்சு.

அப்புறம் இடது எது வலது எதுன்னு சண்டை. "நம்ம கூடாரத்துல ஆம்பளைங்க உக்கார்ற பக்கம் எதுவோ அதான் இடது"ங்கறான் தெமிர்குல். உள்ளே வர்றவனுக்கா, உள்ளே உக்காந்திருக்கறவனுக்கான்னு நான் கேட்டேன். ஒரு கெட்டில் டீ அதுலயே தீந்துபோச்சு. கடைசியா எல்லா ஒயரையும் சரியான ஓட்டையில சொருகி டேப்பைப் போட்டா, ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடுது. பாடுறது நான். இன்னொண்ணு ஊமை. ஒயரை மாத்திப் பாத்தோம், ஸ்பீக்கரை மாத்திப் பாத்தோம், பெட்டியைத் தட்டிப் பாத்தோம். டேப் ஒயரைப் பெட்டியில மாட்ட நீ கூடவே அனுப்பின அடாப்டரை தெமிர்குல் கண்ணுகிட்ட வச்சுப் பாத்தான். "யோவ் சகினாலி, இதுல அஞ்சு ஓட்டை இருக்கு, உன் டேப் ஒயர்ல மூணு பின்தான் இருக்கு. ஸ்டீரியோவுக்கு அஞ்சு பின் வேணும்யா. இத்தனை வருஷமா நீ பாதி டேப்பைத்தான் கேட்டுக்கிட்டிருக்க!" அந்தக் காலத்து ஒயர் இனிமே எந்தக் கடையிலயும் கிடைக்காதுன்னும் சொல்லிட்டான். நான் அப்படியே உக்காந்துட்டேன். அவ குரல் அந்த டேப்புக்குள்ளயே இருக்கு, என்னால எடுக்க முடியல. அழுதுட்டேன்டா, தெமிர்குல் முன்னாடியே.

உன் அக்கா நான் அழறதைப் பாத்தா. எழுந்து போய்த் தையல் மெஷின் டிராயரைத் திறந்து, அடியில துணியில சுத்தி வச்சிருந்ததை எடுத்து என் மடியில போட்டா. அஞ்சு பின் ஒயர். டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வந்த அன்னிக்கே அவ எடுத்து ஒளிச்சு வச்சது!

சொருகினேன். நான் பாடி முடிச்சதும் அந்த ஊமை ஸ்பீக்கர்லேர்ந்து அவ பாடினா:

காது ரெண்டும் சிறகாட்டம் விரியுது
காத்தடிச்சாப் பறந்துருவான் சகினாலி
கட்டிவைக்க ஆளில்லையேன்னு கலங்காதீங்க
கழுத்தை நீட்டச் சொல்லுங்க, கயிறு என்கிட்ட!

அதுக்குத்தான் சனம் சிரிச்சிருக்கு. கழுத்தை நீட்டின கழுதை நான்தான். "தோத்தவன் நீதான்னு அன்னிக்கே சொன்னேன், நீ டேப்பைப் போட்டுக் காட்டி என் வாயை அடைச்ச"ன்னு தெமிர்குல் குதிக்கிறான். நான் அவளைக் கேட்டேன், "ஏன்டி ஒளிச்சு வச்ச?"ன்னு. என் காதுகிட்ட வந்து அந்தக் காத்துக் குரல்ல சொன்னா: "ஜெயிச்சோம்னு எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்?"

இப்போ தினமும் ஒரு தட்டு பூர்சோக்கோட ஊரே வருது, நான் தோக்கிறதைக் கேக்க. சின்னப் பசங்க என் காதைப் பாத்துக் கையை ஆட்டிக் காட்டுதுங்க. எனக்கு இந்த மானக்கேடு வேண்டாம். தோத்தது தோத்ததுதான், ஒத்துக்கிறேன். சனிக்கிழமை காரை எடுத்துக்கிட்டு வந்து பெட்டியைத் திருப்பிக் கொண்டு போயிடு.

உன் வீட்டு அடுப்பு அணையாமலும், உன் பிள்ளைகள் உன்னைவிட உயரமாகவும் இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அத்தான் சகினாலி

பி.கு: பெட்டியைத் தொட்டா கையை ஒடிப்பேன். காருல இடம் காலியா வச்சுக்காதே, வரும்போது மைக் ரெண்டு வாங்கிட்டு வா. மேல தோல்வின்னு எழுதினதை அடிச்சிரு, அது முதல் சுத்து மட்டும்தான். பதில் பாட்டுக் கட்டிட்டேன், காலையிலேர்ந்து எதிர்ல உக்காந்து அவளும் கட்டிக்கிட்டிருக்கா, விரலை மடக்கி மடக்கிச் சிரிக்கிறா. என் மைக் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அவ மைக் மட்டும் உசத்தியாப் பாத்து வாங்கு, முணுமுணுத்தாலும் விடாமப் பிடிக்கிறதா.